மூன்று ரீடிங்

"ஒரே ஒரு சி, மிஸ். அதை ஏ ஆக்கிக் கொடுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்" என்றாள் சுகந்தி.

கல்லூரி வேதியியல் லேபில் பிலோமினா மிஸ் பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரோட சி?"

"என் பொண்ணு ஆதிரையோடது. வேற யாருக்கு இங்கே சி போட்டிருக்கீங்க? வகுப்பே ஏ-வாம்."

சுகந்தி கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கிரேடைத் திருத்தச் சொல்லும் படிவம். மிஸ்ஸின் கையெழுத்துதான் பாக்கி.

"பி.எஸ்ஸி முடிச்சவங்களை டாக்டருக்குச் சேர்த்துக்கிற வெளிநாட்டுக் காலேஜ். மூணு வருஷத்துக் கிரேடையும் தோண்டித் துருவிப் பார்ப்பாங்க. எல்லாத்துலயும் ஏ. உங்க பிராக்டிகல்ல மட்டும் சி, சோத்துல கல்லு மாதிரி. இது இருந்தா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்களாம். நாளைக்குள்ள அனுப்பியாகணும்."

"ஆதிரை என்ன சொல்றா?"

"அவ என்ன சொல்வா, வாயில்லாப் பூச்சி. நான் வந்ததே அவளுக்குத் தெரியாது."

மிஸ் பியூரெட்டை ஸ்டாண்டில் மாட்டினார். ஊதா நிறக் கரைசலை அதில் ஊற்றி, அடியில் நிறமில்லாத கரைசலோடு ஒரு குடுவையை வைத்தார்.

"டைட்ரேஷன் தெரியுமா உங்களுக்கு?"

"பிளஸ் டூவில செஞ்சது. இப்ப அது எதுக்கு?"

"செய்யுங்க. கையெழுத்து அப்புறம்."

மாமியார்கூட இப்படி எடுத்த எடுப்பில் சுகந்தியை வேலை ஏவியதில்லை. ஆனாலும் காரியம் ஆகவேண்டுமே. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஒரு கையால் குடுவையைச் சுழற்றி, மறு கையால் பியூரெட்டின் அடியிலிருந்த திருகைத் திறந்தாள். ஊதா சொட்டுச் சொட்டாக விழுந்து மறைந்தது. கடைசிச் சொட்டில் மட்டும் வெளிர் ரோஜா நிறம் மறையாமல் நின்றது. பியூரெட்டின் அளவுக் கோட்டைப் பார்த்தாள்.

19.8.

"ஒண்ணு" என்றார் மிஸ். "மூணு தடவை செஞ்சு, மூணு ரீடிங்கையும் எழுதணும். மூணும் ஒத்து வந்தாத்தான் ஏ."

ஒரு தாளைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார்.

இரண்டாம் தடவை கை முந்திக்கொண்டது. குடுவை முழுக்க ஊதா.

சுகந்தி திரும்பிப் பார்த்தாள். மிஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. சத்தம் வராமல் தொட்டியில் கொட்டினாள். மூன்றாவதைத் தொடவே இல்லை. கான்வென்டில் அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே.

19.8, 19.8, 19.8. முத்து முத்தாக எழுதி நீட்டினாள்.

மிஸ் வாங்கிப் பார்த்தார்.

"ஏ."

சுகந்திக்கு வாயெல்லாம் பல்.

மிஸ் அலமாரியைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஆதிரையின் கையெழுத்து.

19.8, 21.3, 20.6.

"என்ன கண்றாவி இது? ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லையே!"

"ஒட்டலை."

"பக்கத்துல இருக்கிறவளைப் பார்த்தாவது எழுதியிருக்கலாம். அசடு."

"வந்ததை எழுதினா. கை நிக்கலை, அதனால சி." மிஸ் தாளின் மடிப்பை நீவினார். "பரீட்சை முடிஞ்ச பிறகு ஒரு மாசம் சாயந்தரம் சாயந்தரம் வந்தா. மூணும் ஒண்ணா வர்ற வரைக்கும்."

"அதுக்கு மார்க் உண்டா?"

"கிடையாது."

"ஸ்பெஷல் கிளாஸுன்னு சொன்னாளே?"

"நான் எதுவும் எடுக்கலை. லேபைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்."

சுகந்தி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு மாதமும் லேட்டாக வந்த மகளை வாசலிலேயே நிறுத்தி, எவனோடு நின்று பேசிவிட்டு வருகிறாய் என்று கேட்டவள் அவள்.

"இருபத்திரண்டு வருஷமா பிராக்டிகல் பேப்பர் திருத்தறேன்" என்றார் மிஸ். "வந்ததை வந்தபடி எழுதின பேப்பர்னு எடுத்து வச்சிருக்கிறது இது ஒண்ணைத்தான். அவளுக்கு நன்றிகூடச் சொல்லலை. சிதான் போட்டேன்."

படிவத்தை இழுத்து, அடியில் கையெழுத்துப் போட்டார். புதிய கிரேடு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, பேனாவோடு சுகந்தி பக்கம் தள்ளினார்.

"நீங்களே போட்டுக்குங்க."

சுகந்தி பேனாவை எடுத்தாள்.

தன் தாளைப் பார்த்தாள். மகளின் தாளைப் பார்த்தாள்.

கட்டத்தில் 'சி' என்று எழுதினாள்.

எழுதிவிட்டு, யாரும் சொல்லாமலே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நேராக நின்றாள்.

"தேங்க்யூ, மிஸ்."