ஆட்டின் கழுத்தில் கட்டிய இரண்டு மணி

அந்தக் காலத்தில் ஆடு மாடெல்லாம் வாய்விட்டுப் பேசும். யோசித்துத்தான் பேசின என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கரட்டுப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த சடைச்சி, தாய்வீட்டுச் சீராக ஒரு வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். தலைப்பிள்ளை பிறந்த சில நாளில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை அந்த ஆட்டுப் பாலில்தான் உயிர் தரித்துக் கிடந்தது.

அவள் புருஷன் மொக்கையனிடம் இருந்தது ஒற்றைக் காளை. அதற்கு ஜோடி சேர்க்க அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. ஆட்டையும் குட்டிகளையும் கொடுத்தால் ஒரு காளைக்கன்று தருவதாகப் பக்கத்து ஊர்க்காரன் சொன்னான். மொக்கையன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவனுக்குக் கொடுக்க ஆட்டை அவிழ்த்துவிட்டான். சடைச்சி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்கு ஓடினாள்.

"ஐயா, அது எங்கம்மா எனக்குக் குடுத்த ஆடு. அது போனா எம்பிள்ள பொழைக்காது."

"என் பட்டியில நிக்கிறதெல்லாம் என்னோடதுதான்," என்றான் மொக்கையன்.

இப்படி வழக்கு வந்தால் அந்த உயிரையே கேட்டுவிடுவது அவ்வூர் முறை. ஊர்த்தலைவர் ஆட்டைக் கூப்பிட்டு, "நீ யாரோட ஆடு?" என்று கேட்டார். மொக்கையன் மடியில் கருவேல நெற்று இருந்தது. வாசம் பிடித்த ஆடு, "இவரோட ஆடுதான்," என்று சொல்லிவிட்டு அவன் மடிக்குள் வாயை விட்டது.

"ஆடே சொல்லிருச்சு. அப்புறம் என்னத்தா?" என்றார் தலைவர்.

"அது தீனிக்காகச் சொல்லுதுய்யா. கல்யாணத்துல என்னைய யாராச்சும் இப்படிக் கேட்டாகளா?"

"கழுத்துல கட்டியாச்சுல்ல, அப்புறம் என்னடி கேள்வி?" என்றான் மொக்கையன்.

"அப்ப, கட்டுனவுகளுக்குத்தான் சொந்தமாய்யா?"

"அதான வழக்கம்," என்றார் தலைவர்.

சடைச்சி தன் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். தாலிக்கயிற்றில் இருந்த கருகமணியில் இரண்டை உருவினாள். சேலை முந்தியில் நூல் பிரித்துக் கோத்து, ஆட்டின் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டாள். தாலியில் கை வைத்துவிட்டாளே என்று சிலருக்குக் கோபம் வந்தது. ஆனால் வழக்கத்தைச் சொன்னவர் தலைவராயிற்றே, யாராலும் தடுக்க முடியவில்லை.

மொக்கையன் பாய்ந்து மணியைப் பிடித்து இழுத்தான். "ஐயோ, என் சதை!" என்று ஆடு அலறியது. பார்த்தால், மணி இரண்டும் தோலோடு ஒட்டி, மயிர் முளைத்துத் தொங்கின. சடைச்சி ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பிள்ளை பிழைத்தது. காளை கடைசிவரை ஒற்றையாகவே நின்றது.

அன்று முதல்தான் வெள்ளாட்டின் கழுத்தில் இரண்டு சதைமணி தொங்குகிறது. தொங்காத ஆடும் உண்டே என்றால், அது வேறு பட்டியில் நின்றதன் வம்சம். மணி தொங்கும் ஆட்டை விலைக்குக் கேட்டு வருகிறவன் ஆட்டிடமும் கேட்பதில்லை, ஆம்பளையிடமும் கேட்பதில்லை. வாசலில் நின்று, "வீட்ல அம்மாவைக் கூப்பிடுங்க," என்கிறான்.