மேட்டுத்தெரு முறைத் தண்ணீர்

ஓர் ஊர்ச் சங்கதியைச் சொல்கிறேன். பாதியிலேயே யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் கேளுங்கள். தீர்ப்புச் சொல்வது உங்கள் பொறுப்பு.

பனையடிப்புதூர் பேரூராட்சியில் முன்பெல்லாம் தண்ணீர் திறந்துவிடுவது மரியதாசன் வேலை. தெருவுக்கு ஒரு வால்வு. அவர் வந்து திருப்பினால்தான் குழாயில் தண்ணீர். சத்தம் போடுகிற தெருவுக்குக் கொஞ்சம் கூடவே ஓடும். கடைசியில் இருந்த மேட்டுத்தெருவுக்கு வருவது நூல் மாதிரி.

ஒரு வழக்கத்தை மட்டும் அந்த ஊரில் யாரும் மாற்றியதில்லை. எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும், அன்றைக்கு யார் முறையாக இருந்தாலும், சாவு விழுந்த தெருவுக்குத்தான் முதல் தண்ணீர். இறந்தவரைக் குளிப்பாட்ட வேண்டும், வந்தவர்கள் தலைமுழுக வேண்டும். அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள்.

செண்பகவல்லி தலைவியாக வந்ததும் எல்லா வால்வையும் செல்போனில் திறந்து மூடுகிற மாதிரி மாற்றினார். எந்தத் தெருவுக்கு எப்போது என்பதும் அதிலேயே பதிந்தாயிற்று. தொடக்க விழாவில் மேட்டுத்தெருப் பெண்களைப் பார்த்து, "இனி உங்க முறைத் தண்ணிய யாருக்காகவும் எடுக்க மாட்டேன். வீட்டுக்கு வீடு நான் குடுக்கிற வாக்கு இது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சாவுக்கு என்ன செய்வது என்று அன்று ஒருத்தரும் கேட்கவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அந்தப் பேச்சை யார் எடுப்பார்கள்?

கோடை வந்தது. கிணறுகள் வறண்டன. ஒருநாள் மோட்டாரும் பழுதாகிவிட்டது. தொட்டியில் மிச்சம் இருந்தது ஒரு தெருவுக்குப் போதுமான தண்ணீர்தான். லாரித் தண்ணீருக்குச் சொன்னால் மறுநாள்தான் வரும் என்றார்கள். அன்று மேட்டுத்தெரு முறை. அன்றைக்கென்று பார்த்துப் பள்ளத்தெருவில் சுடலையாண்டி என்கிற பெரியவர் இறந்துபோனார்.

அவருடைய மருமகள் பேச்சியம்மாள் தலைவிரி கோலமாக அலுவலகத்துக்கே ஓடி வந்துவிட்டாள். "மாமாவக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல தலைவரம்மா!"

செயல் அலுவலர் குமரவேள் கையை விரித்தார். "மேடம், ஒரு தடவ முறைய மாத்தினா அவ்வளவுதான். நாளைக்குக் கல்யாணம்பாங்க, சடங்கும்பாங்க. தொடாதீங்க."

மரியதாசன் தலைவியை ஓரமாகக் கூப்பிட்டார். "நான் கையாலயே திறந்துவிடுதேம்மா. மேட்டுத்தெருவுல கேட்டா மெஷின் கோளாறுன்னு சொல்லுவோம். மெஷின் என்ன, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கா போவப்போவுது?"

செண்பகவல்லி நேரே மேட்டுத்தெருவுக்கு ஏறிப் போனார். அங்கே குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன.

"என்ன தலைவரம்மா, தேர்தல் கூட வரலியே, இந்தப் பக்கம்?" என்றாள் வரிசையில் நின்ற செல்லக்கனி.

தலைவி விஷயத்தைச் சொல்லி, "பாதித் தண்ணிய அவங்களுக்கு விடட்டுமா?" என்று கேட்டார். செல்லக்கனி, "சாவுக்கு இல்லன்னு சொல்ல முடியுமா? விடுங்க" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

ஒருத்தி மட்டும் தலையாட்டவில்லை. இடுப்பில் துவண்ட பிள்ளையோடு நின்ற இசக்கியம்மாள். "நான் தர மாட்டேன். பிள்ளைக்கு வயித்தால போவுது. துணி அலசக்கூட வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல."

"ஏட்டி, சும்மா கெட! தெருவே சரிங்குது, உனக்கு மட்டும் என்ன?" என்று அதட்டினாள் செல்லக்கனி.

தலைவி இசக்கியம்மாளையும் பிள்ளையையும் பார்த்தார். பிறகு, "முறைப்படி இங்கேயே தண்ணி வரும். குடுக்க மனசுள்ளவங்க அவங்கவங்க குடத்தச் சுமந்துட்டு வாங்க" என்றார்.

அப்படியே நடந்தது. சரி என்று சொன்ன பெண்கள் ஆளுக்கொரு குடம் சுமந்து சரிவில் இறங்கினார்கள். முன்னால் தலைவியும் ஒரு குடத்தோடு போனார். இசக்கியம்மாள் தன் குடத்தை வீட்டுக்குள் கொண்டுபோனாள். எல்லாம் முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அதுவரை பெரியவரின் உடல் காத்துக் கிடந்தது.

"எங்க வீட்டுச் சாவுக்குப் பிச்சத் தண்ணியா?" என்று பேச்சியம்மாள் தலைவியின் முகத்துக்கு நேரே கேட்டாள்.

முறையைத் தொடாதே என்றார் ஒருவர். சொல்லாமல் திறந்துவிடு என்றார் ஒருவர். கேட்டுவிட்டு, ஒருத்தி மறுத்ததற்காகப் பள்ளத்தெரு வால்வைத் திறக்காமல் விட்டார் இன்னொருவர். இந்த மூன்று பேரில் யார் சொன்னது, யார் செய்தது சரி?

விடை: என் புத்திக்கு எட்டிய வரை தலைவி செய்ததே சரி. குமரவேள் முறையைப் பார்த்தார், வாசலில் அழுதவளைப் பார்க்கவில்லை. மரியதாசனுக்கு இரக்கம் உண்டு. ஆனால் அடுத்தவர் தண்ணீரை எடுத்துக் காட்டுகிற இரக்கம். வாக்கு தெருவுக்குக் கொடுத்ததில்லை, வீட்டுக்கு வீடு கொடுத்தது. அதை விட்டுக்கொடுக்கிற உரிமை அந்தந்த வீட்டுக்குத்தான். அதனால் தெருவே சேர்ந்து சரி என்றாலும் இசக்கியம்மாள் குடத்தில் கை வைக்க முடியாது. அப்படியானால் பேச்சியம்மாள் திட்டியது தப்பா என்று கேட்பீர்கள். தப்பில்லை. காத்துக் கிடந்தது அவள் வீட்டுப் பிணம். சரியான முடிவிலும் யாருக்காவது நோகத்தான் செய்யும். நொந்தவர் திட்டும்போது, அதை எதிரே நின்று வாங்கிக்கொள்ளத்தானே ஊருக்கு ஒரு தலைவி?