இடது சீட்டு

“ரோட்டுக்கும் டிராக்குக்கும் சேர்த்து ஒரே நம்பர் சொல்லுங்க அம்மணி. எனக்கு அது போதும்.”

கேட்டவர் சென்னியப்பன். வயசு ஐம்பத்தொன்று. கோயமுத்தூரில் வாரம் ஆறு நாள் மோட்டார் பம்பு வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ரேஸ் டிராக்குக்குப் போய்விடுவார். ரெண்டுக்கும் ஒரே கார்தான்.

கேட்கப்பட்டவர் பிலோமினா. வயசு முப்பத்து மூன்று. போத்தனூர்ப் பக்கம் ஷெட் வைத்திருக்கிறார். ஷாக் அப்சார்பரைத் தவிர வண்டியில் வேறெதையும் தொடமாட்டார். அவரிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை வாங்கினவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“இல்லீங்கண்ணா.”

“நம்பர் இல்லீங்களா, சொல்ல மாட்டீங்களா?”

பிலோமினா ஒரு வேனுக்கு அடியில் போய்விட்டார்.

விஷயம் இதுதான். சென்னியப்பன் காரில் ஒவ்வொரு ஷாக்கிலும் ஒரு திருகு உண்டு. முழுசாக மூடினால் ஷாக் கட்டை மாதிரி இறுகிவிடும். அங்கிருந்து ‘டிக், டிக்’ என்று எண்ணித் திறக்கத் திறக்க இளகிக்கொண்டே வரும். அந்தக் காருக்கு டிராக்கில் வளைவுகளில் சாயாமலிருக்க மூன்று, ரோட்டில் மேடுபள்ளம் தெரியாமலிருக்கப் பன்னிரண்டு. முன்சக்கரத் திருகுகளுக்கு பானெட்டைத் தூக்கினால் போதும். பின்சக்கரத்துக்குத் தரையில் மல்லாந்து படுக்கவேண்டும்.

சென்னியப்பனுக்குத் தொப்பை கொஞ்சம் தாராளம். மூன்றிலேயே விட்டுவிட்டார். ஆறு மாசமாக.

அதில்தான் வினை. ஆடியில் அவர் மனைவி கோகிலவாணிக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போயாகவேண்டும். நாலு நடை காரில் வந்தார். ஐந்தாம் நடைக்கு, “நான் பஸ்ஸுலயே போய்க்கறனுங்க,” என்று சொல்லிவிட்டார்.

குறை ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் சென்னியப்பனால் தாங்க முடியவில்லை. வீட்டு வாசலில் கார் நிற்கிறது, பொண்டாட்டி ஆபரேஷன் முதுகோடு பஸ்ஸில் போகிறாள் என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

மனைவி மறுபடி காரில் ஏறவேண்டும். டிராக்கும் கைவிட்டுப் போகக்கூடாது. அதற்கு ஒரு நம்பர் இல்லாமலா போகும்? கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஷெட்டுக்கு வந்தார்.

“நானே கண்டுபிடிச்சுட்டனுங்க. எட்டு.”

“டிராக்குல எப்படிங்கண்ணா?”

“சுத்துக்கு ரெண்டு செகண்டு கூடிப்போச்சு.”

“அக்கா?”

“பஸ்ஸுலதான் போறா.”

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஏழு வெச்சுப் பாக்கட்டுங்களா?” என்றார் சென்னியப்பன். “இல்ல, முன்னாடி ஏழு, பின்னாடி ஒம்பது? ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்குத் தெரிஞ்சுக்காமப் போகமாட்டேன்.”

“நாலு திருகையும் மூணுல வெய்யுங்க.”

ஒருவழியாக நம்பர் தேட இறங்கிவிட்டார் என்று சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முனகிக்கொண்டே படுத்து, மூடி, எண்ணி, எழுந்தார். பிலோமினா கையை நீட்டினார்.

“சாவி.”

“நான் ஓட்டறனுங்க.”

“இடது பக்கம் உக்காருங்கண்ணா.”

கார் வாங்கி ஆறு வருஷம். அந்த சீட்டில் சென்னியப்பன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சாவியை அடுத்தவர் கையில் கொடுத்தால்தானே உட்காருவதற்கு.

“எங்கீங்க போறோம்?”

“அக்கா போற பிசியோதெரபிக்கு.”

வழியில் பதினொரு வேகத்தடை. பிலோமினா விரட்டவில்லை. சென்னியப்பன் தினம் போகிற வேகம்தான். அவர் ஜன்னல் வழியாக ஒரு பேக்கரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவதில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மேடு வந்தா சொல்லிட்டு ஏத்துங்க அம்மணி.”

“நீங்க ஓட்டறப்ப சொல்லுவீங்களாண்ணா?”

சென்னியப்பன் அடுத்த மேட்டைத் தேடி ரோட்டைப் பார்த்தார்.

நாலாவது தடையில் தாங்க முடியாமல் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை எட்டிப் பிடித்தார். விரலுக்கு என்னவோ நெருடியது. நிமிர்ந்து பார்த்தார்.

கைப்பிடியின் மேல்பூச்சு உரிந்திருந்தது. நகக் கீறல்கள். நாலு நாலாக, ஒன்றின்மேல் ஒன்றாக.

அந்தப் பக்கம் கோகிலவாணியைத் தவிர வேறு யாரும் உட்காருவதில்லை.

“நிறுத்துங்க,” என்றார்.

பிலோமினா நிறுத்தவில்லை. இன்னும் ஏழு தடை பாக்கி இருந்தது.

பிசியோதெரபி வாசலில் காரை நிறுத்தினார். சாவியைச் சென்னியப்பன் மடியில் வைத்துவிட்டு இறங்கினார்.

“ஆட்டோவுல போய்க்கறேன். நம்பர் வேணுங்களாண்ணா?”

சென்னியப்பன் எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கோகிலவாணி, பிசியோதெரபி முடிந்து, ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்தபடி நின்றிருந்தார்.

வலது சீட்டுக்கு மாறி, காரைத் திருப்பி மனைவி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பானெட்டைத் தூக்கி முன்பக்கம் ரெண்டையும் திறந்தார். பிறகு வெள்ளைச் சட்டையோடு அப்படியே தரையில் படுத்து, பின்சக்கரத்துக்குள் கையை விட்டார்.

“ஏனுங்க, என்ன இது கோலம்? எந்திரிங்க. ஆளுக பாக்கறாங்க.”

“பாக்கட்டும்.” டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. “பன்னண்டு வெச்சிருக்கேன் கோகிலா. நொந்துச்சுன்னா சொல்லு. இன்னும் திறக்கறேன்.”

“அப்ப ஞாயித்துக்கெழமை டிராக்குக்கு?”

“காலைல படுத்து மூடுவேன்.”

“திங்கக்கெழமை?”

“படுத்து திறப்பேன்.”

“வாரா வாரமா? இந்தத் தொப்பைய வெச்சுக்கிட்டா?”

சென்னியப்பன் காருக்கு மறுபக்கம் புரண்டுபோய் அடுத்த திருகையும் எண்ணி முடித்தார். எழுந்தபோது முதுகெல்லாம் மண். இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கோகிலவாணி பஸ்ஸைப் பார்த்தார். காரைப் பார்த்தார். காலை எடுத்து வைக்கவில்லை.

“பயமா இருக்குதுங்க,” என்றார். இத்தனை நாளில் முதல் தடவையாக.

“தெரியும். ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னாடி சொல்றேன். ஏறு.”