வாசல் வைக்காத கூடு

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் இழையன் என்ற தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தான்.

தூக்கணாங்குருவிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து தொங்கிப் பார்க்கும், இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூடு.

போன வருஷம் மூன்று பேர் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனார்கள். அது இழையன் மனசிலேயே தங்கிவிட்டது.

"இந்தத் தடவை முழுசாக் கட்டிடுவேன். குறை சொல்ல இடமே இருக்கக் கூடாது!" என்று அறை, வாசல், நீளக் குழல் எல்லாம் முடித்து வைத்தான்.

"மாப்பிள்ளே, வீடு தயார். பொண்ணுதான் பாக்கி!" என்று அதே மரத்து அணில் கேலி செய்தது.

தினை என்ற பெண் குருவி வந்தாள். கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. வாசலை அந்தப் பக்கம் வைக்கலாமா?"

"ஐயோ, முடியாது! பார்த்துப் பார்த்து வெச்சது."

"உள்ளே மெத்தைக்கு நான் ஏதாவது..."

"அதுவும் போட்டாச்சு! நீ 'சரி'ன்னு மட்டும் சொல்லு."

"அப்போ இது உன் வீடு. இதுல நான் எங்கே?" என்று தினை பறந்துவிட்டாள்.

மழைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மற்ற கூடுகளிலெல்லாம் ஜோடிகள் சேர்ந்தாயிற்று. இழையன் மட்டும் முழுக் கூட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"அணிலே, என் கூட்டுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லையே! அதான் அவளுக்கு இடமும் இல்லை."

இழையன் கூட்டை விட்டு வெளியே வந்தான். பிறகு குழலை அலகால் பிய்க்கத் தொடங்கினான்.

"அடப் பைத்தியமே! பத்து நாள் வேலை!"

"தெரியும்" என்றான். வாசலும் பாதி அறையும் நார் நாராகக் குளத்தில் விழுந்தன.

அதைப் பார்த்துத் தினை திரும்பி வந்தாள். பாதிக் கூட்டில் தொங்கி ஆடினாள்.

"வாசல் எந்தப் பக்கம் வைக்கட்டும்?" என்று இழையன் கேட்டான்.

"தெரியலையே. யோசிக்கணும்."

"நாளைக்கு வருவியா?"

"அதுவும் தெரியலை!"

போன வருஷம் பறந்துபோனவர்கள் இழையன் நினைவுக்கு வந்தார்கள்.

"சரி. நான் இங்கேதான் இருப்பேன்."

மறுநாள் காலையில் தினை வரவில்லை. உச்சி வெயிலிலும் வரவில்லை. மேகம் கூடி முதல் தூறல் விழும்போது வந்தாள். அலகு நிறைய ஆட்டு ரோமம்!

"வாசல் குளத்துப் பக்கம். மெத்தைக்கு இது!"

"நாத்தம் குடலைப் புடுங்குதே!" என்று அணில் மூக்கைப் பொத்தியது. இழையனோ சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து நழுவினான்.

இருவருமாகக் கூட்டை முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த வெதுவெதுப்பான மெத்தையில் குஞ்சுகள் பொரிந்தன.

"தினை, உனக்கு நன்றி."

"எதுக்கு? ரோமத்துக்கா?"

"அன்னைக்குத் 'தெரியலை'ன்னு சொன்னியே, அதுக்கு. அது இல்லேன்னா, தூறல்ல உன்னைப் பார்த்தப்போ இருந்த சந்தோஷம் எனக்கு ஏது?"

அன்பில் எல்லாவற்றையும் முன்னதாகவே முடித்துவைக்க நினைக்காமல், எதிர்பாராதது வந்து நுழைய ஒரு வாசலை விட்டுவைக்க வேண்டும்.