சாய்த்து வைத்த குழாய்

"ஒரு ஆளை வேலைக்குக் கூப்பிட்டா, ஒண்ணு அவனை நம்பணும், இல்லேன்னா..."

தணிகாசலத்தின் பெரியப்பா இப்படி ஏதோ சொல்வார். இல்லேன்னா என்ன என்பது தணிகாசலத்துக்கு மறந்துபோயிருந்தது.

"ஆல்துரை நம்மளை ஏமாத்திட்டான், அம்மா" என்றார் தணிகாசலம்.

அமிர்தம்மாள் அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மலை மடத்துக்குத் தலைவி அவர். தணிகாசலத்தைவிடப் பத்து வயது இளையவர்.

மார்கழி பிறந்தால் மடத்தின் வெளிக்குழாய் உறைந்து வெடிக்கும். பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில் பதினோரு குடும்பமும் குடத்தோடு ஓடைக்கு இறங்கவேண்டும். அதற்காகவே கனடாவை விட்டு மடத்துக்கு வரும்போது பனிக்கு உறையாத குழாய் ஒன்றைத் தணிகாசலம் கொண்டுவந்திருந்தார். இரண்டடிக் கல்சுவரைத் துளைத்துக் குழாய்வேலைக்கார ஆல்துரை அதை மாட்டிப் பத்து நாள் ஆகவில்லை. இன்று காலை திறந்ததும் தண்ணீர் வெளியே வராமல் அடுப்பங்கரைச் சுவரில் பீறிட்டது.

"என்ன ஏமாத்தினார்?"

"ரசமட்டம் வச்சுப் பார்த்தேன். குழாய் வெளிப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. மூடின பிறகும் சொட்டிக்கிட்டே இருக்கு. வாஷரைக் கழட்டி வித்திருப்பான். இனிமே அவன் இந்தப் படி ஏறக்கூடாது."

"கூப்பிடுங்க. முகத்துக்கு நேரா சொல்லுங்க."

ஆல்துரை வந்தார். குழாயை உருவித் திருப்பினார். தண்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு.

"தண்ணி அடைபடுற இடம் இந்த உள்முனை சார், அடுப்புச் சூட்டுல. மூடினதும் தண்டுல இருக்கிற மிச்சம் வெளியே வடிஞ்சிடணும். அதுக்குத்தான் சாய்ச்சேன். வடியாம நின்னா உறையும். உறைஞ்சா வெடிக்கும்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"உங்க பெட்டியிலயே படம் இருந்துச்சே சார்!"

பெட்டியில் இரண்டு மொழிகளில் குறிப்பும் இருந்தது. தணிகாசலம் இரண்டையும் படிக்கவில்லை.

"வாயை யாராவது அடைச்சீங்களா சார்?"

"லைன் வீட்டு ஆளுங்க எவனாவது செஞ்சிருப்பான்."

சொல்லும்போதே அவர் கை சட்டைப் பைக்குள் போயிற்று. நேற்று மாலை சொட்டை நிறுத்தக் குழாயின் வாயில் அவர் செருகிய தக்கை அங்கே இருந்தது. விடிந்ததும், யாரும் பார்க்குமுன், பிடுங்கி வைத்தது.

அமிர்தம்மாள் சொம்பைக் கழுவிக் கூடையில் கவிழ்த்தார். கூடையின் அடியில் நீர் சொட்டியது.

"தணிகாசலம், இங்க பாருங்க. இதுவும் சொட்டுது."

அவர் பார்த்தார்.

"ஏதாவது வச்சு அடைச்சிடுங்களேன்."

ஆல்துரை சிரித்துவிட்டார். அமிர்தம்மாள் சிரிக்கவில்லை. அடுத்த பாத்திரத்தை எடுத்தார்.

வெளியே குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "தண்ணி உண்டா இல்லையா? சொல்லிட்டா ஓடைக்காவது போவோம்!" என்றது ஒரு பெண் குரல்.

தணிகாசலம் தக்கையை எடுத்து ஆல்துரையின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு, அடைத்தது தான்தான் என்று லைன் வீட்டாரிடம் சொல்ல வெளியே போனார்.