சிவப்பு எழுத்தில் வந்தது

புஷ்பகாந்தி பிரசவ வார்டு நர்ஸ். அந்த வார்டை மூடிவிடலாமா என்று பேச மறுநாள் காலை கூட்டம். எடை குறைந்து பிறந்த குழந்தைகள் எத்தனை பேர் அங்கே பிழைத்தார்கள் என்று காட்டினால் மூடமாட்டார்கள் என்று நம்பினாள். பன்னிரண்டு வருஷக் குறிப்புகள் அவளுடைய லேப்டாப்பில் இருந்தன, நாளுக்கு ஒரு ஃபைலாக.

யுனிக்ஸ் கருவிகள் என்ற மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால் அத்தனை ஃபைலிலும் ஒரே கட்டளையில் தேடலாம் என்று சொன்னவன் லியாகத். மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். அவளைவிட இருபது வயது இளையவன். செய்யவேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான்.

நான்காவது நாளாக, டியூட்டி முடிந்ததும் அவன் முன்னால் வந்து நின்றாள். அவனும் காலையிலிருந்து ஆறு வார்டு ஏறி இறங்கியிருந்தான்.

"இன்னிக்கும் ஏறலை தம்பி."

"என்ன சொல்லுச்சு?"

"என்னமோ சிவப்பா வந்துச்சு. மூடிட்டேன்."

"நேத்து?"

"நேத்தும் மூடிட்டேன். நீங்களே பண்ணிக் குடுத்துடுங்களேன். நிக்க முடியலை."

லியாகத் லேப்டாப்பை வாங்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உட்காருங்க சிஸ்டர். திரும்ப ஓட்டுங்க. வந்தா மூடாதீங்க."

சிவப்பு எழுத்து வந்தது. அவள் விரல் மூடப் போய், நின்றது.

"படிங்க."

எழுத்துக்கூட்டிப் படித்தாள். "டிஸ்க்ல இடம் இல்லைங்குது."

அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அவளே டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தாள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்றாக, அதே பெரிய ஃபைல் பதினொரு தடவை இறங்கிக் கிடந்தது. பத்தை அழித்தாள், கூடவே கிடந்த பழைய சினிமாப் படங்களையும். மறுபடி ஓட்டினாள். ஏறிவிட்டது.

தாளைப் பார்த்துப் பார்த்து, தேடும் கட்டளையை ஒற்றை விரலால் தட்டினாள். திரை நிறைய வரிகள் ஓடின. தேதி, தாயின் பெயர், எடை, நலமாக வீடு திரும்பியது. ஓடி நின்றதும் சில பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இடம் இல்லைன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி." கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

லியாகத் கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்கெப்படி சிஸ்டர் தெரியும்? அது உங்ககிட்டதானே சொல்லுச்சு."