பனிநாட்டில் ஒரு பொன்னாடை

பனிநாட்டில் சர்வதேசக் கால்பந்துப் போட்டி. "எங்கள் நாட்டில் குளிரே கிடையாது! ஸ்வெட்டர் போடுகிற அணி வெளியேறலாம்," என்றார் கம்பளிக் கோட்டுக்குள் புதைந்திருந்த போட்டித் தலைவர். நம் பையன்களுக்குப் பல் தந்தியடித்தது.

தொடக்க விழாவில், நம் அணிக்குத் துணி துவைக்கும் திருப்பூர் சென்னியப்பன் பொன்னாடையோடு மேடையேறினார். "கோட்டைக் கழட்டுங்க ஐயா. கோட்டு மேல போத்துனா மரியாதை இல்லீங்க."

தலைவர் பூரித்துப்போய்க் கழற்றினார். மெல்லிய சரிகைத் துணி தோளில் விழுந்தது. சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார். "தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே..." பந்து பொறுக்கிப் போடுபவர்வரை ஒருவரையும் விடவில்லை.

"ஐயோ, குளிருதே! கோட்டைக் கொடுங்கய்யா!" தலைவரின் அலறல் மைக்கில் மைதானமெங்கும் கேட்டது.

"தலைவரே சொல்லிட்டாரு, ஸ்வெட்டரை மாட்டுங்க கண்ணுகளா!" என்ற சென்னியப்பன், தலைவர் பக்கம் பவ்யமாகத் திரும்பினார். "கொஞ்சம் பொறுங்க ஐயா, வரவேற்புரையே இனிமேத்தானுங்க."